மூடி உப்பிய மிளகாய் ஜெலி

தங்கச்சி வீட்டில் எனக்குத் தேத்தண்ணி வந்த கோப்பை வேறு. அவளும் அவள் புருசனும் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார்கள். எனக்கு மட்டும் நீலப் பூப் போட்ட பீங்கான் கோப்பை, அதற்குச் சோடியான தட்டோடு. வந்த முதல் நாள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழிந்தும் அதே கோப்பை வந்தபோது உறுத்தியது. அந்தக் கோப்பையை எனக்குத் தெரியும். நான் ஊரில் இருந்த காலத்தில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எப்போதாவது எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் வந்தால் அம்மா அலுமாரியிலிருந்து எடுத்துத் துடைப்பது அதைத்தான். அவர் குடித்துவிட்டுப் போகும்வரை வீட்டில் யாரும் உட்காரமாட்டார்கள், யாரும் மனதில் இருப்பதைப் பேசவும் மாட்டார்கள். இருபத்தி நாலு வருசம் கனடாவில் இருந்துவிட்டு இலங்கை மலைநாட்டு டயகமவுக்குத் திரும்பிய எனக்கு அந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் குடித்து முடிக்கும்வரை மச்சான் முனியாண்டி வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தார்.

நான் போனது மூன்று மாதத்துக்கு. அம்மா இறந்து இரண்டு வருசமாகியிருந்தது. செத்த வீட்டுக்கு என்னால் வர முடியவில்லை. வருசத் திதிக்கும் வரவில்லை. பிறகு ஒரு நாள் தங்கச்சி செல்வராணி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். லயத்தை விட்டு எல்லோருக்கும் தனி வீடு கொடுத்தபோது அம்மா பெயரில் ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும் கிடைத்திருந்தன. அதன் பத்திரத்தில் இனிப் பிள்ளைகள் பெயர் போட வேண்டும். அதைச் சொல்லிவிட்டு அவள், "நீங்க வந்தா கையெழுத்து வேலையும் முடியும்ணே" என்றாள். அந்த 'உம்' எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. என்னைப் பார்ப்பதோடு கையெழுத்தும் முடியும் என்கிறாளா, கையெழுத்துத்தான் வேலை, என்னைப் பார்ப்பது அதோடு ஒட்டிக்கொண்டு வருவதா? அந்தச் செய்தியை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவள் குரலில் வேறொரு கணக்குத் தெரிந்தது.

புலம்பெயர்ந்து இருக்கும் உங்களில் பலருக்கு இந்த நோய் புரியும். ஊரிலிருந்து வரும் அன்பான வார்த்தையைத் திருப்பிப் போட்டு, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற நோய். ஊரில் இருக்கும் நீங்களும் எங்களை அப்படித்தான் பார்க்கிறீர்கள் என்பதை அந்த மூன்று மாதத்தில் கண்டுகொண்டேன். செல்வராணி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள். முனியாண்டிக்கு அகரப்பத்தனைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் வேலை. இரண்டு பேரும் போன பிறகு நான் தனியாக இருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கத்து வீட்டு ராக்கம்மாக்கா ஏதாவது ஒரு சாக்கோடு உள்ளே எட்டிப் பார்ப்பார். ஒருநாள் தீப்பெட்டி, ஒருநாள் கொஞ்சம் உப்பு, ஒருநாள் பூனையைக் கண்டீர்களா என்ற கேள்வி. அவருக்குப் பூனை இல்லை என்பதை நான் மறுநாளே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு என் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கினேன்.

சும்மா இருக்க முடியாமல்தான் ஜெலி காய்ச்ச ஆரம்பித்தேன். வீட்டின் பின்னால் செல்வராணி நட்டிருந்த நைமிரிஸ் மிளகாய்ச் செடி இரண்டும் காய்த்துக் குலுங்கின. சப்பட்டையாக, சுருங்கிய சின்னப் பை போலச் செம்மஞ்சளில் தொங்கும் கொச்சிக்காய் அது. ஒன்றைக் கீறிக் குழம்பில் போட்டால் வீடே மணக்கும், ஒன்றுக்கு மேல் போட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது. ஆகவே முக்கால்வாசி செடியடியிலேயே விழுந்து அழுகிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. கனடாவில் நான் இருப்பது ஒன்டாரியோவில் ஏரிக்கரையோரமாக ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. என் பக்கத்து வீட்டு டோரத்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நான் அங்கே குடிபோன வருசம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐ கேன் பெப்பர்ஸ்" என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'கேன்' என்றால் முடியும். என்னால் மிளகாய்களை முடியும் என்கிறார், என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லுவார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டோம். மறுநாள் என் வாசலில் சிவப்பாக ஏதோ நிறைத்த போத்தல் ஒன்று இருந்தது. கதவைத் தட்டவில்லை, சீட்டு இல்லை. எங்கள் ஊரில் வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போனதை யாரும் தொடமாட்டார்கள். ஒரு குச்சியால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்தப் போத்தல் மூன்று நாள் அங்கேயே கிடந்தது. நாலாம் நாள் டோரத்தியே வந்து அதைத் திறந்து, தன் விரலால் ஒரு துளி எடுத்துத் தின்று காட்டினார். பிறகுதான் விளங்கியது, 'கேன்' என்றால் போத்தலில் அடைத்துக் காற்றுப் புகாமல் மூடிவைப்பது என்று. மிளகாயைப் பொடியாக அரிந்து, வினாகிரியில் கொதிக்கவைத்து, பெக்டின் தூள் கலந்து, சீனியைக் கொட்டிப் பொங்கப் பொங்கக் காய்ச்சி, சூடு ஆறுமுன் போத்தலில் ஊற்றி, மூடியைப் போட்டு, போத்தலோடு கொதிதண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி வைப்பது. வெளியே எடுத்து ஆறவைக்கும்போது ஒவ்வொரு மூடியும் உள்ளிழுபட்டு 'டிக்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்தால் வருசம் முழுக்கக் கெடாது. இனிப்பும் உறைப்புமாக அந்த ஜெலியை அவர்கள் பிஸ்கட்டில் பூசித் தின்றார்கள், நான் சோற்றுக்கும் பருப்புக்கும் தொட்டுக்கொண்டேன். பிற்பாடு ஒவ்வொரு வருசமும் நாங்கள் இருவரும் சேர்ந்து காய்ச்சினோம்.

டயகமவில் அதைச் செய்யப் போத்தலும் பெரிய சட்டியும் வாங்க ஹட்டனுக்குப் போனேன். பழைய போத்தல் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில், ஜாம் போத்தல்கள் பன்னிரண்டை மூடியோடு பொறுக்கி எடுத்தேன். திரும்பும்போது, "போயிட்டு வாறன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "யாழ்ப்பாணமா நீங்க?" என்று கேட்டார். என் மனைவி யாழ்ப்பாணம். கனடாவில் எங்கள் ஆட்கள் முக்கால்வாசியும் யாழ்ப்பாணம். அங்கே என் பேச்சைக் கேட்டவுடன் மலைநாட்டு ஆளா என்று கேட்பார்கள். இங்கே ஹட்டனில், நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒருவர் என்னை வெளியூர்க்காரனாக்கிவிட்டார். டயகம என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பெரிய சட்டியையும் போத்தல்களையும் இறக்கியபோது முனியாண்டியின் முகம் மாறியது. தேவைப்பட்டால் என்று கனடாவிலிருந்து கொண்டுவந்த பெக்டின் பக்கெட்டுகளில் ஒன்றை நான் பெட்டியைத் திறந்து எடுத்து, மறுபடி பெட்டியைப் பூட்டினேன். அவர் அந்தத் தூளையும் என் இடுப்பையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மச்சான், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. இந்த வெள்ளத் தூளு என்னாங்க?"

பழத்திலிருந்து எடுப்பது, ஜெலி இறுகுவதற்கு என்றேன். அவர் விரலில் தொட்டு மோந்து பார்த்தார். பிறகு, எத்தனை மாதத்துக்குச் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். சாதாரணமான கேள்விதான். ஆனால் இவ்வளவு பெரிய சட்டி வாங்கியவன் மூன்று மாதத்தில் போகமாட்டான் என்று அவர் கணக்குப் போடுவது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. போகமாட்டான் என்றால் வீட்டில் பங்கு கேட்பான். நானும் சும்மா இருக்கவில்லை. வருசா வருசம் செய்யலாம் மச்சான், இங்கே நல்லா வரும் என்று வேண்டுமென்றே சொன்னேன். அவர் மனதில் இருப்பது என்னவென்று பார்க்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம்.

அன்று மத்தியானம் காய்ச்சிய ஜெலி நன்றாகவே வந்தது. நைமிரிஸ் வாசம் பக்கத்து வீடுவரை போய், ராக்கம்மாக்கா இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு போத்தலையும் பத்துப் பத்து நிமிடம் கொதிதண்ணீரில் வைத்து எடுத்து, மேசையில் துணி விரித்து அடுக்கினேன். செல்வராணி கொழுந்து நிறுத்துவிட்டு இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு வீட்டுக்குள் வந்த நேரம் முதல் மூடி 'டிக்' என்றது. அவள் திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தாள், பல்லியைத் தேடி. எந்தத் திசையில் சொல்லுகிறது என்று பார்க்கிறாள். மூடிதான் என்று நான் விளக்கியும் அவளுக்குத் திருப்தியில்லை. அடுத்தடுத்து மூடிகள் டிக், டிக் என்றபோது மேசைப் பக்கமே வராமல் சுற்றிப்போனாள். ஆக ஒன்பது சத்தம் எண்ணினேன். மீதி மூன்று நான் கவனிக்காத நேரத்தில் மூடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, போத்தல்களை அடுக்கிவைத்திருந்த அலுமாரி மேல்தட்டைப் பார்த்தபோது நாலு போத்தலில் மூடியின் நடுப்பாகம் மேலே உப்பியிருந்தது. அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பவும் எழும்பியது. யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். எனக்கு வேறு எண்ணமே தோன்றவில்லை. முனியாண்டி அந்தத் தூளை நம்பவில்லை, திறந்து பார்த்திருப்பார். அல்லது ராக்கம்மாக்கா. அல்லது நான் இங்கே தங்கிவிடக் கூடாது என்று யாரோ கெடுத்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நினைப்பும் முந்தியதை விட மோசமாக வந்தது. இரண்டு நாள் பேசாமல் அவர்கள் கைகளையே கவனித்தேன். யார் அலுமாரிப் பக்கம் போகிறார்கள், யார் போகாமல் தவிர்க்கிறார்கள் என்று. போகிறவரும் தவிர்க்கிறவரும் எனக்கு ஒரே மாதிரிக் குற்றவாளியாகத் தெரிந்தார்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில், போத்தலை யாரோ திறந்திருக்கிறீர்கள், பார்க்க வேண்டுமென்றால் என்னிடமே கேட்டிருக்கலாமே என்று சொல்லிவிட்டேன். முனியாண்டி கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போனார். செல்வராணி தன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"நாங்க ஒளிச்சு வச்சுத் திங்கிற ஆளுகளாண்ணே? பொட்டியப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகியிருக்கிறது நீங்க. இந்த வீட்டுல அலுமாரிக்குப் பூட்டே இல்ல."

அவ்வளவுதான். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேத்தண்ணி மட்டும் அதே கோப்பையில் அதே நேரத்துக்கு வந்தது. நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் கோபமே எனக்கு இன்னொரு சாட்சியாகப் பட்டது. எஞ்சியிருந்த எட்டுப் போத்தலுக்கும், அவர்கள் வேலைக்குப் போன பிறகு, பேப்பரை நீளமாகக் கிழித்து, சோற்றுப்பருக்கையைப் பசையாகத் தேய்த்து, மூடியிலிருந்து கண்ணாடிவரை குறுக்காக ஒட்டினேன். திறந்தால் கிழிய வேண்டும். ஐம்பத்தி மூன்று வயதில், பிறந்த ஊரில், கூடப்பிறந்தவளைப் பிடிப்பதற்குச் சோற்றுப்பசை தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் நாள் பார்த்தேன். மூன்று போத்தலில் மூடி உப்பியிருந்தது. பேப்பர் ஒன்றும் கிழியவில்லை. கண்ணாடியோரமாக உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. யாரும் தொடவில்லை. ஜெலி தானாகக் கெட்டுக்கொண்டிருந்தது.

டோரத்திக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தேன். அவர் காலை பஸ் ஓட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், தங்கச்சி விசயத்தை விட்டுவிட்டு. அவர், "ஹவ் ஹை ஆர் யூ?" என்று கேட்டார். எங்கள் முதியோர் இல்லத்தில் இளம் வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் அப்படிக் கேட்டுச் சிரிப்பதுண்டு, போதை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று. எனக்கு முகம் சுட்டது. நான் குடிக்கவில்லை, வந்ததிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கேட்டது மலையின் உயரத்தை. ஐயாயிரம் அடி இருக்கும் என்றேன். அப்படியானால் அங்கே தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும், ஆனால் அந்தக் கொதியில் இங்குள்ள சூடு இருக்காது, ஏரிக்கரையில் பத்து நிமிடம் என்றால் மலையில் இன்னும் ஐந்து நிமிடமாவது கூடப் போட வேண்டும் என்றார். மூடிகளைப் பற்றிக் கேட்டார். பழையவை என்றதும் திட்டினார். ஒருதரம் பாவித்த மூடியின் ரப்பர் மறுபடி சரியாக ஒட்டாது. கெட்டதை நாக்கில்கூட வைக்காதே, கொட்டிவிடு என்றார்.

டெலிபோனை வைத்துவிட்டு மேசையடியில் உட்கார்ந்திருந்தேன். ஹட்டன் ஸ்டேஷனில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று பலகையில் எழுதியிருக்கும். அதை வாசித்து வளர்ந்தவன் நான். இந்த மலையில் பருப்பு வேக நேரமெடுக்கும் என்பது அம்மா அடுப்படியில் தினமும் சொன்னதுதான். அதையெல்லாம் விட்டுவிட்டு ஏரிக்கரை ஊரின் பத்து நிமிடத்தைக் கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டு, பழியைத் தங்கச்சி வீட்டின் மேல் போட்டிருந்தேன். பன்னிரண்டு போத்தலையும் செடிக்கு அப்பால் குழி தோண்டிக் கொட்டினேன். ராக்கம்மாக்கா வேலியருகே நின்று பார்த்தார், இந்தத் தடவை சாக்கு எதுவும் சொல்லவில்லை.

செல்வராணி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், பேப்பர் ஒட்டியதையும் சேர்த்து. மறைத்திருக்கலாம். மறைத்தால் அவள் எப்படியும் கண்டுபிடிப்பாள் என்ற சந்தேகமும் சொல்ல வைத்தது. அவள் காலில் கடித்திருந்த அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, இரத்தம் வடிந்த இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சோத்தையா தேச்சீங்க?"

"ஆமா."

"அம்மா இருந்திருந்தா ஒங்கள வெளக்குமாத்தால அடிச்சிருக்கும்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராக்கம்மாக்கா விசயத்தையும் கேட்டுவிட்டேன். நீங்கள் தனியாக இருப்பீர்கள் என்றுதான் வந்து பார்க்கச் சொன்னேன் என்றாள். அதை நான் நம்பினேன், முக்கால்வாசி. மறு ஞாயிற்றுக்கிழமை அவளே மீதிக் கொச்சிக்காயைப் பறித்துவந்தாள். நான் புது மூடிகள் வாங்கிவந்திருந்தேன். இந்தத் தடவை பதினைந்து நிமிடத்துக்கும் கூடுதலாகவே வைத்தோம், அவள் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல. ஆறு போத்தல். ஆறும் 'டிக்' என்றது. முனியாண்டி தூரத்தில் நின்று எண்ணினார். ரொட்டியில் தடவிக் கொடுத்தபோது தின்றார், இனிப்புக் கூடிப்போச்சு என்றார். ஆனால் இரண்டாவது ரொட்டியும் கேட்டார்.

போவதற்கு முந்திய வாரம் காணி விசயமாகப் பதியும் ஆபீசுக்கு மூவருமாகப் போனோம். நான் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போடத் தயாராகவே போனேன். பஸ்ஸில் வைத்து அதை எப்படிச் சொல்வது, பெருந்தன்மையாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்றெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஆபீசில் செல்வராணி படிவத்தை எடுத்துக் கொடுத்தபோது கிளார்க் அம்மா அதில் அவள் இரண்டு பெயருக்கு இடம் விட்டிருப்பதைக் காட்டினார். ஒன்று செல்வராணி. மற்றது நான். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பேச்சை எடுக்க வழியில்லாமல் போனது. முனியாண்டியும் அதை அப்போதுதான் பார்க்கிறார் என்று அவர் முகம் சொன்னது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளார்க் அம்மா சிங்களத்தில், "தென் இன்னே கொஹெத, மஹத்தயா?" என்று என்னிடம் கேட்டார். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று. என் சிங்களம் துருப்பிடித்துப் போயிருந்தது. எந்த ஊர் என்று கேட்கிறார் என நினைத்து, டயகம என்றேன். ஐடென்டி கார்டைக் கேட்டார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அவர் அதன் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோபமில்லாமல் சிரித்தார். நடப்பிலுள்ள இலங்கை அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் பெயரைப் பதிய முடியாது, அந்த வரியை இப்போதைக்கு வெறுமையாக விடலாம், பிறகு எப்போதாவது இலக்கம் கிடைத்தால் வந்து நிரப்பலாம் என்று பொறுமையாக விளக்கினார். சன்னல் பக்கத்திலிருந்து முனியாண்டி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. செல்வராணி மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, வெறுமையாக விடச் சொன்ன வரியில் என் முழுப்பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதினாள்.

"பென்சில்ல இருக்கட்டும்ணே. அப்பறமா வந்து பேனாவுல எழுதிக்கலாம்."

கிளார்க் அம்மா தடுக்கவில்லை. எதிர்க் கடையில் படிவத்துக்கு இரண்டு போட்டோக்கொப்பி எடுத்தோம், ஒன்று எனக்கு.

கனடாவுக்கு வந்து நாலு மாதமாகிவிட்டது. இரண்டு போத்தல் ஜெலி உடையாமல் வந்து சேர்ந்தது. டோரத்திக்குக் கொடுத்தேன், உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே தின்றார். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் போகவில்லை. அடையாள அட்டை இல்லாமல் என் பெயர் ஏறாது என்பது செல்வராணிக்கு முன்பே தெரியுமா? தெரிந்துகொண்டுதான் இடம் விட்டாளா? பென்சிலால் எழுதியது, என்றாவது நான் திரும்பி வருவேன் என்ற நம்பிக்கையிலா, வராவிட்டால் அழிப்பது லேசு என்றா? அவளிடம் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதிலையும் நான் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன் என்பதால் கேட்கவில்லை. கொப்பியை மேசை இழுப்பறையில், என் கனடியன் பாஸ்போர்ட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவள் பெயர் பேனா மையில் கறுப்பாக விழுந்திருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் மெசின் பென்சிலைச் சரியாகப் பிடிக்கவில்லை. சன்னலோரமாகக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்தால் அம்மா வைத்த என் பெயரின் முதல் எழுத்தும், அப்பா பெயரின் பாதியும் சாம்பல் நிறத்தில் தெரிகின்றன. மற்றது எல்லாம் வெறும் வெள்ளைத் தாள்.